யாருக்காக இந்த மெருகு

மார்ச் 2

அன்புள்ள 'என்னங்க'வுக்கு,

நலம். உங்கள் கண் எரிச்சல் குறைந்ததா? வெல்டிங் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு வேலை செய்யாதீர்கள் என்றால் கேட்பதில்லை. டவரே இல்லாத சைட்டில் போய் உட்கார்ந்ததால், உங்களைத் திட்டுவதற்கும் தபால்தலை ஒட்ட வேண்டியிருக்கிறது.

ஒரு செய்தி. கன்னத்து மங்குக்குத் தோல் டாக்டரைப் பார்த்தேன். ஏதோ திராவகம் தடவி மேல்தோலை உரிய வைப்பார்களாம். கெமிக்கல் பீல் என்று பெயர். அதுவரை வெயிலுக்கான கிரீம் பூசாமல் வாசல் தாண்டக் கூடாது. ப்ளீச் பக்கமே போகக் கூடாது. பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கடையில் மூக்குக்கண்ணாடி மாட்டிவிடும்போது, வருகிறவர்கள் தங்கள் முகத்தை விட்டுவிட்டு என் கன்னத்தைத்தான் பார்க்கிறார்கள்.

உங்கள் வீட்டுக்காரி

மார்ச் 9

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. உன் கன்னத்தைப் பார்க்கிறார்களா? யார் அவர்கள்? பெண்கள் என்றால் போகட்டும். ஆண்களுக்கு நீ ஏன் கிட்டே நின்று மாட்டிவிட வேண்டும், அவர்களுக்குக் கை இல்லையா?

டாக்டர் ஆணா பெண்ணா என்று நீ எழுதவே இல்லை. அதையும் கவனித்தேன்.

என் முகமும்தான் வெல்டிங் வெளிச்சம் பட்டு ஓசியிலேயே உரிகிறது. அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை. நான் இங்கே இருக்கும்போது அங்கே யாருக்காக இந்த மெருகு? பொறாமை என்று சிரிப்பாய். பொறாமைதான். வயிறு எரிகிறது.

உன் வெல்டர்

மார்ச் 20

அன்புள்ள 'என்னங்க'வுக்கு,

டாக்டர் ஆண்தான். முழு வழுக்கை, பேரன் பேத்தி எடுத்தவர். திராவகத்தைத் தடவிவிட்டு, "எரியுதாம்மா? கொஞ்சம் பொறுத்துக்கோ" என்றார். நர்ஸ் விசிறினாள். மிளகாய்ப் பொடி பூசியது போல் எரிந்தது. நீங்கள் வயிறெரியும்படி அங்கே வேறொன்றும் நடக்கவில்லை.

இப்போது முகம் இழுத்துப் பிடிக்கிறது. மங்கு முன்னைவிடக் கறுத்து, வாயோரத்தில் உரியத் தொடங்கியிருக்கிறது. பிய்த்தால் தழும்பாகிவிடும் என்பதால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வெயில் படக் கூடாதென்று எல்லா ஜன்னலுக்கும் திரை போட்டாயிற்று. பக்கத்து வீட்டுக் குழந்தை என்னைப் பார்த்துவிட்டு வீல் என்று கத்தி ஓடியது.

கடைக்கும் லீவு. பேச ஆளில்லை. ஒரே ஒரு வரியாவது நல்லதாக எழுதுங்கள்.

உங்கள் வீட்டுக்காரி

மார்ச் 27

அக்காவிடமிருந்து கடிதம் வந்தது. உன்னைப் போய்ப் பார்க்கச் சொன்னது நான்தான். பட்டப்பகலில் வீடு முழுக்கத் திரையாம். மணி அடித்து வெகுநேரம் கழித்து ஒரு சாண் கதவு திறந்ததாம். முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு, "இப்ப வேணாம் அண்ணி, அப்புறம் வாங்க" என்றாயாம். உள்ளே ஒரு ஆம்பளைக் குரல் கேட்டதாம்.

யார் அது?

உடனே ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. இந்த முகத்தை ஊரே பார்ப்பதற்கு முன் நான் பார்க்க வேண்டும். அடுத்த மாதக் கடைசியில் லீவு சொல்லியிருக்கிறேன். சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்பேன். என்னிடம் சாவி இருக்கிறது.

வெல்டர்

ஏப்ரல் 4

உங்களுக்கு,

உள்ளே பேசிய ஆம்பளை ரேடியோவில் செய்தி வாசித்துக்கொண்டிருந்தார். திரை எதற்கென்று முந்தைய கடிதத்திலேயே எழுதியிருந்தேன். நல்லதாக ஒரு வரி கேட்டேன், நீங்கள் ஆள் அனுப்பினீர்கள். அண்ணிக்கு என் முகத்தைக் காட்ட வெட்கப்பட்டுத்தான் கதவை மறைத்தேன்.

யாருக்காக என்று கேட்டீர்கள். போன லீவில் உங்கள் சைட் நண்பர்கள் சாப்பிட வந்தார்கள். நான் பரிமாறிக்கொண்டிருந்தேன். "என் பொண்டாட்டி கன்னத்துல வெல்டிங் பத்த வைக்கும்போது கடவுளுக்குக் கை நடுங்கிடுச்சுடா, கருகிப் போச்சு" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போய் வெகுநேரம் பாத்திரம் கழுவினேன். உங்களுக்கு நினைவிருக்காது. நீங்கள் சைட்டுக்குக் கிளம்பிய கையோடு டாக்டரைத் தேடினேன்.

இத்தனை நாளாக நீங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு தேடிய ஆள் நீங்கள்தான்.

தோல் உரிந்து முடிந்துவிட்டது. மங்கு முழுதாகப் போகவில்லை. வெயிலில் அலைந்தால் திரும்பவும் வருமாம். நேற்று திரைகளை விலக்கிவிட்டுக் கண்ணாடி முன்னால் நின்றேன். உங்களையோ உங்கள் நண்பர்களையோ நினைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பிடித்திருந்தது. இனிமேல் யாருக்காக என்று கேட்டால் பதில் வேறு.

கடைக்குப் போகத் தொடங்கிவிட்டேன். ஆண்களுக்கும் நானேதான் கண்ணாடி மாட்டிவிடுகிறேன்.

போட்டோ அனுப்பவில்லை. வாருங்கள். சாவி உங்களிடம் இருக்கட்டும், அதைப் பையிலிருந்து எடுக்க வேண்டாம். மணி அடித்துவிட்டு வெளியே நில்லுங்கள். கதவை நான் திறப்பேன்.

வீட்டுக்காரி