ஒரு மூட்டை கரும்புச் சக்கை

மச்சான்,

பின்வாசலில் ஒரு மூட்டை கரும்புச் சக்கை கிடக்கிறது. பொங்கல் முடிந்து மூன்று நாள். இனிப்பும் புளிப்புமான வாடை சமையலறை வரை வந்துவிட்டது. உன் மனைவி கெலிஓயாவிலிருந்து ஆட்டோவில் போட்டு அனுப்பியது.

கண்டி மார்க்கெட்டில் மரக்கறிக் கடை வைத்திருந்தாய். சாயங்காலம் கடை கட்டும்போது குவியும் முட்டைக்கோவா இலையையும் லீக்ஸ் தாளையும் காட்டி, "இதெல்லாம் சீனியாகும்னு நீதானே சொன்ன?" என்பாய். நான்தான் சொன்னேன். பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் குடுவை கழுவுகிறவனை விஞ்ஞானியாக நம்பியவன் நீ ஒருவன்தான். இலையிலும் தண்டிலும் உள்ள நாரை வேகவைத்து நொதித்தூள் போட்டால், அது உடைந்து சர்க்கரைப் பாகாகும். அதில் பொய்யில்லை.

முதல் தடவை நாம் காய்ச்சியது பொங்கலுக்கு மறுநாள். மார்க்கெட் குப்பையில் பாதி, விற்காமல் போன கரும்பு. கருவியில் இனிப்பை அளந்தேன். நான் எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு. நீ விரலால் தொட்டு நக்கிவிட்டு, "கடைய விட்டுரலாம்டா" என்றாய். அந்த ஒரு அளவை வைத்தே வருடம் முழுவதற்கும் கணக்குப் போட்டுக் கொடுத்தேன்.

நீயும் கடையை விட்டாய்.

பிறகு கோவா வந்தது, மழையில் ஊறிய கீரை வந்தது. ஒரு நாள் வந்த மாதிரிக் குப்பை மறுநாள் வரவில்லை. பாகு தண்ணீராகவே நின்றது. விறகும் தூளும் விழுங்கிய காசுக்குக் கடையிலேயே சீனி வாங்கியிருக்கலாம். நீ அடுப்பை மாற்றினாய், தூளை மாற்றினாய், உன்னையே திட்டிக்கொண்டாய். எனக்கு அதற்குள் விளங்கிவிட்டது. அன்று இனித்தது நாம் உடைத்த நார் அல்ல, கரும்பில் மிச்சமிருந்த வெறும் சாறு.

சொல்லியிருக்கலாம். கடைசி நாட்களில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி, "அடுத்த பொங்கலுக்கு இன்னொரு தடவ பார்ப்போம், மச்சான். அது நல்ல குப்பை" என்று நீ சிரித்தபோதும் தலையாட்டிவிட்டு வந்தேன். நான் கோழை.

நேற்று உன் மனைவி, தங்கச்சி, எனக்குப் போன் எடுத்தது. "அவரு சொல்லிட்டுத்தான் போனாரு, அண்ணே. பொங்கச் சக்கையில நல்லா வருமாம். வந்துச்சுன்னா கார்மெண்ட்ஸ் வேலைய விட்டுட்டு நானே செய்றேன். காய்ச்சிட்டீங்களா?"

"நாளைக்குக் காய்ச்சிர்றேன்மா."

இன்று காய்ச்சினால் இனிக்கும், மச்சான். இன்னும் இரண்டு நாள் விட்டால் முழுக்கப் புளித்துவிடும். சக்கை கெட்டுப்போனது என்று சொல்லித் தப்பலாம். உன்னிடம் சொல்லாததைத் தங்கச்சியிடமும் சொல்ல வாய் வரவில்லை. மூட்டையை அவிழ்த்துத் தண்ணீர் தெளித்து, சீக்கிரம் புளிக்கட்டும் என்று வெயிலில் வைத்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.