நமத்துப்போன களிமண்

ஜூலை 8, திங்கள்
காலையிலிருந்து மூட்டம். கொட்டகலை ஸ்டேஷன்கூடத் தெரியவில்லை. குடைக் கம்பி ஒடிந்துவிட்டது, கொடுத்துச் சரிபண்ணணும்.

பள்ளிக்கூடம் விட்டபின் லேபில் மறுபடி. அசற்றிக் அமிலம், ஐசோ அமைல் ஆல்கஹால், ஊக்கியாக ஒரு கரண்டி களிமண். சூடாக்கினால் வாழைப்பழ வாசம் வரணும். வந்தது வினாகிரி நெடிதான். சல்பூரிக் அமிலம் வேண்டாம், மண்ணே போதும், வடித்தெடுத்துத் திரும்பப் போடலாம் என்று ஆய்வைப் பார்க்கிற கண்டி மேடத்திடம் பெருமையடித்தது நான்தான். வெள்ளிக்கிழமை காட்டணும். இல்லையென்றால் தலைப்பை மாற்றச் சொல்லிவிட்டார். இன்னொரு வருஷம் படிக்க யார் அனுமதி தருவார்கள்? எம்.எஸ்ஸி.க்கு முழுக்குதான்.

ஜூலை 9, செவ்வாய்
மழை. சாப்பிடும்போது வீட்டுக்காரர் உப்பு ஜாடியைக் கவிழ்த்துத் தட்டினார். "என்னாம்மா இது, உப்பு விழவே மாட்டேங்குது! ஒரே தண்ணி."

சிரித்தேன். பிறகுதான் உறைத்தது. பல்கலைக்கழக மின்னடுப்பில் நன்றாகக் காய்ந்த மண். அதைக் கடதாசியில் மடித்து லேப் அலமாரியில் வைத்தவள் நான். இந்த மூட்டத்தில்! அது குடித்த ஈரம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. இரசாயனவியல் டீச்சராம். சீ!

ஜூலை 10, புதன்
எங்கள் லேபில் மண்ணைக் காயவைக்க அப்படி அடுப்பு கிடையாது. ஹட்டனுக்கு பஸ். பேக்கரி முருகேசு அண்ணனிடம் கூச்சத்தோடு கேட்டேன்.

"மண்ணா? பாண் போடுற அடுப்புலயா டீச்சர்?"

"மூடி போட்ட சட்டிங்கண்ணே. வாசமே வராது."

"சரி, கடைசிப் பாண் எடுக்கட்டும். சூடு சும்மாதானே போகுது."

காத்திருந்தேன். பிளேன்டீ தந்தார், ஒரு பனிஸும். சட்டி வந்ததும் ஈரம் புகாமல் மூடியைச் சுற்றி டேப். நல்ல மனுஷன், நல்லா இருக்கணும்.

ஜூலை 11, வியாழன்
வாசம்! வந்துவிட்டது! பக்கத்து வகுப்பிலிருந்து ஒரு குரல்: "மிஸ், யாரு மிஸ் வாழைப்பழம் திங்கிறது?" எனக்குக் கண் கலங்கிவிட்டது. மண்ணை வடித்துக் கழுவி வைத்தேன். போட்டபடியே இருக்கிறது. வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு ஒன்றுமே நடக்காத மாதிரி.

துணி காயவில்லை.

ஜூலை 12, வெள்ளி
கண்டி. மேடம் குப்பியை முகர்ந்தார். "தொடருங்க" என்றார். அவ்வளவுதான். போதும், சாமி.

ஹட்டனில் இறங்கி நேரே பேக்கரி. அண்ணனும் முகர்ந்தார். "அடேயப்பா, பழமேதான்!"

ஆய்வேட்டில் நன்றி சொல்கிற பக்கத்தில் உங்க பேர் வரும் என்றேன்.

"எம்பேரா? நான் என்னா டீச்சர் பண்ணேன், அடுப்பு சும்மா கெடந்துச்சு. பாண் வேணுமா?"

ஒன்று வாங்கினேன். முதல் பேரே அவருடையதுதான்.