வளனின் வலது கண்

11 ஆகஸ்ட் 2024, ஞாயிறு

இருபத்தைந்தில் பதினெட்டு. மாநிலத் துப்பாக்கிச் சுடுதல் போட்டிக்கு இது பத்தாது. விட்ட ஏழில் பாதிக்கு மேல் குண்டு தட்டுக்கு இடது பக்கமாகப் போயிருக்கிறது. சுஜிதா பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். காலேஜ் என்.சி.சி. நாளிலிருந்து கூடவே சுடுகிறவள், அவளிடம் ஒன்றும் மறைக்க முடியாது. "ஏளா ஜெஸ்லின், நீ தட்டப் பாக்கல. துப்பாக்கியப் பாக்க."

உண்மைதான். பறக்கிற மண்தட்டை மட்டும் பார்த்தால் போதும், குழல் தானாக அதன் பின்னால் போகும். புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நானே இதைத்தான் சொல்கிறேன். எனக்கு மட்டும் ஏன் கண் குழலுக்கு வந்துவிடுகிறது?

விஜிலா மைனி ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டதால் மகன் வளனையும் கிளப்புக்குக் கூட்டிப் போகவேண்டியதாயிற்று. (மைனி என் வீட்டுக்காரர் ஃபிராங்க்ளினுடைய அக்கா, மாடியில் இருக்கிறார்கள். அவர்கள் இல்லையென்றால் எனக்கு ஏது ஞாயிற்றுக்கிழமை?) எங்கள் ஊர்ப் பக்கத்துப் புதுக்கோட்டை தாண்டும்வரை ஸ்கூட்டரில் கேள்வி மேல் கேள்வி. காதுக்கு மஃப் மாட்டி உட்காரவைத்தேன். கொஞ்ச நேரத்தில் பார்த்தால் வெயிலில் இறங்கி நிற்கிறான். தோளில் ஒரு குச்சி. ஒரு கண்ணை மூடிக்கொண்டு பறக்கிற தட்டைக் குறி பார்க்கிறான். எல்லோரும் சுடுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். "அம்மாவ அப்படியே உரிச்சு வச்சிருக்கான்." எனக்குப் பெருமை தாங்கவில்லை. வீடியோ எடுத்து ஃபிராங்க்ளினுக்கு அனுப்பினேன். அவர் வேலை பார்க்கிற கப்பல் பிரேசில் பக்கம். எப்போது பார்ப்பாரோ.

18 ஆகஸ்ட், ஞாயிறு

பதினேழு. எழுத ஒன்றுமில்லை.

22 ஆகஸ்ட், வியாழன்

வளன் துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்கச் சுடுகிறான். இன்றுதான் சரியாகக் கவனித்தேன். துடைப்பம் வலது தோளில். மூடுவதும் வலது கண்ணைத்தான். குழல் எந்தக் கண்ணுக்கு முன்னால் இருக்கிறதோ அதையே மூடினால் எதை வைத்துக் குறி பார்க்க? அதிலும் தட்டு சுடுகிறவர்கள் ஒற்றைக் கண்ணை மூடவே கூடாது. தூரமும் வேகமும் இரண்டு கண்ணும் சேர்ந்தால்தான் பிடிபடும். நான் ஒருநாளும் மூடியதில்லை.

கெட்ட பழக்கம் இப்போதே திருந்தட்டும் என்று பிடித்து நிறுத்திச் சொல்லிக்கொடுத்தேன். ரெண்டு கண்ணையும் திற. முடியலையா, இடதை மூடிட்டு வலதால பாரு. இடது கண்ணைக் கையால் பொத்தினான். உடனே துடைப்பத்தை இறக்கிவிட்டான்.

"தெரியல."

"என்னல தெரியல? அங்கன மாதா படம் இருக்குல்லா, அதப் பாரு."

"மாதா இல்ல."

குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்த மைனி சிரித்தார்கள். "ஏளா, பிள்ளைய இந்த வருசமே ஒலிம்பிக்குக்கு அனுப்பப் போறியா? விடு, பசியில நிக்கான்."

பிடிவாதம். அவன் அப்பாவுடைய பிடிவாதம். தினம் கொஞ்சம் பழக்கினால் வந்துவிடும்.

1 செப்டம்பர், ஞாயிறு

சுஜிதா கண்டுபிடித்துவிட்டாள்! களைப்பாக இருக்கும்போது என் இடது கண் முந்திக்கொள்கிறதாம். வலது தோளில் துப்பாக்கி, பார்ப்பது இடது கண். பிறகு குண்டு இடது பக்கம் போகாமல் எங்கே போகும்? சுடும்போது போடுகிற கண்ணாடியில் இடது பக்கம் முழுக்க மங்கலான டேப் ஒட்டிவிட்டாள். பழகியபின் சின்னத் துண்டு போதும் என்றாள். முந்துகிற கண்ணை மங்கவைத்தால் மற்றது வேலை செய்துதானே ஆகவேண்டும்.

இருபத்திரண்டு! வரும் வழியில் மக்ரூன் வாங்கினேன். வளன் பாதி, நான் பாதி.

2 செப்டம்பர், திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதவேண்டும்.

பள்ளிக்கூடம் விட்டு வந்தான். என் டேப் ஒட்டின கண்ணாடி மேசைமேல் இருந்தது. எடுத்து மாட்டிக்கொண்டான். நானும் மைனியும் போட்டிருந்தது ஒரே துணியில் தைத்த நைட்டி, மைனிதான் எடுத்துக் கொடுத்தார்கள். அவர்கள் வாசல் பக்கம் நின்றார்கள், நான் அலமாரி பக்கம். வளன் இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு நடந்தான். விளையாடுகிறான் என்றுதான் நினைத்தேன். நேராக மைனியிடம் போய் நைட்டியைப் பிடித்து, "ம்மா, கழத்திவிடு" என்றான்.

"ஏலே, நான் அத்தைலே."

அண்ணாந்து அவர்கள் முகத்தைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே கேட்டான்: "அப்போ அம்மா எங்க?"

நான் நாலு எட்டு தள்ளித்தான் நிற்கிறேன்.

கண்ணாடியைக் கழற்றி, அவன் இடது கண்ணை என் உள்ளங்கையால் பொத்தி, விரலைக் காட்டினேன். சொல்லவில்லை. கையைத் தள்ளிவிட்டு அழுதான். வலதைப் பொத்தினேன். ரெண்டு, நாலு, ஒண்ணு என்று அழுகையோடு சரியாகச் சொன்னான். மறுபடி இடது. மறுபடி வலது. மைனிதான் என் கையைப் பிடித்து நிறுத்தினார்கள்.

கிளப்பில் அன்றைக்கு அவன் குறி பார்க்கவில்லை. வெயிலில் அந்தக் கண் அவனுக்குத் தொந்தரவு, அதனால் மூடியிருக்கிறான். நான்தான் ஒரு கண்ணை மூடுவதே இல்லையே, யாரைப் பார்த்துப் பழகியிருப்பான்? இது தெரிந்தவள் வீட்டில் நான் ஒருத்திதானே? 'தெரியல'ன்னு சொன்னான். மாதா இல்லைன்னு சொன்னான். பிள்ளை வாயைத் திறந்து சொல்லியிருக்கு. நான் அவனைச் சுடப் பழக்கிட்டு இருந்திருக்கேன்.

5 செப்டம்பர், வியாழன்

திருநெல்வேலியில் கண் ஆஸ்பத்திரி. சொட்டு மருந்து விட்டு, காத்திருந்து, மறுபடி விட்டு. டாக்டருக்கு என் வயதுதான் இருக்கும். பிறந்ததிலிருந்தே வலது கண்ணில் பவர் மிக அதிகமாம். இடது நன்றாக இருப்பதால் மூளை வலதைக் கேட்பதையே விட்டுவிட்டதாம். 'சோம்பேறிக் கண்' என்றார். கண்ணாடி எப்போதும் போடவேண்டும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தூங்கும்வரை நல்ல கண்ணின்மேல் ஒட்டுப் போட்டு மூடிவைக்கவேண்டும்.

"மூணு வயசுல வந்திருந்தீங்கன்னா வேற. இப்ப ஆறரை. முயற்சி பண்ணுவோம், ஆனா காலம் கம்மி." யாருக்கும் சந்தேகம் வரவில்லையா என்று கேட்டார். நான் துப்பாக்கி சுடுகிறவள் என்று சொல்லவில்லை.

பஸ்ஸில் கேட்டான்: "ம்மா, என் கண்ணு சோம்பேறியா?"

"இல்ல மக்கா."

"டீச்சர் எங்க கிளாஸ் எஸ்றாவத்தான் சோம்பேறிம்பாங்க. என்னையச் சொல்லமாட்டாங்க."

7 செப்டம்பர், சனி

ஃபிராங்க்ளின் பேசினார். எல்லாம் சொன்னேன். "கப்பல் வேலைக்கு மெடிக்கல்ல ரெண்டு கண்ணையும் தனித்தனியாத்தான் பாப்பான்" என்றார். அவர் அப்பாவுக்கும் கப்பல் வேலை, அவருக்கும் கப்பல் வேலை. தொட்டிலில் கிடந்த பிள்ளையைக் கேப்டன் என்று கூப்பிட்டவர்.

19 செப்டம்பர், வியாழன்

ஒட்டைப் பிய்த்து எறிகிறான். நான் திரும்ப ஒட்டுகிறேன். ஒட்டினால் சுவரைத் தடவிக்கொண்டு நடக்கிறான். சோற்றைத் தட்டுக்கு வெளியே பிசைகிறான். மூக்கோரம் ஒட்டை லேசாகத் தூக்கி அந்த இடுக்கு வழியாகப் பார்க்கிறான். பிடித்துவிட்டேன். அடித்துவிட்டேன். ஏன் அடித்தேன்?

"அத்தைதான் நல்லவ" என்கிறான். மைனியிடம் ஒட்டை எடுத்துவிடச் சொல்லிக் கெஞ்சுகிறான். அவர்கள் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு மாடிக்குப் போய்விடுகிறார்கள்.

13 அக்டோபர், ஞாயிறு

ஒன்பது.

தட்டை விடச் சொல்லி 'புல்' என்று குரல் கொடுக்கிறேன். தட்டு கிளம்புகிறது. இது ஒரு கண்ணுக்கு எப்படித் தெரியும், கிட்டவா எட்டவா என்று அவனுக்கு எதை வைத்துத் தெரியும் என்று மனசு போகிறது. அதற்குள் தட்டு தரையில். கண்ணாடியில் அந்த டேப் இருப்பதைத் தாங்க முடியாமல் பிய்த்துவிட்டேன். அப்போதும் அப்படித்தான்.

சுஜிதா துப்பாக்கியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "நிக்கது சரி. தோள் சரி. கன்னம் சரியா பதியுது. கண்ணுலயும் குத்தமில்ல. நீதான் இங்கன இல்ல." திட்டுகிற மாதிரிச் சொல்லவில்லை.

மாநிலப் போட்டிக்குப் பெயர் கொடுக்கவில்லை.

10 நவம்பர், ஞாயிறு

ஆஸ்பத்திரியில் இருப்பதைப்போல ஒரு எழுத்துச் சார்ட் வாங்கிக் கூடத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். வாரம் ஒருமுறை, ஒட்டுப் போட்டபடி. மேலே ஒரே ஒரு பெரிய எழுத்து, கீழே போகப்போகப் பொடிசு. போன மாதம் இரண்டாவது வரி தாண்டவில்லை. இன்று ஐந்தாவது வரி வரைக்கும்! தூக்கிச் சுற்றினேன். மைனி கீழே ஓடிவந்தார்கள். ஃபிராங்க்ளினுக்கு அனுப்பியாயிற்று. மாதாவே.

24 நவம்பர், ஞாயிறு

ஆறாவது வரி.

12 டிசம்பர், வியாழன்

ஆஸ்பத்திரி. அங்கே எழுத்தை மாற்றியிருந்தார்கள். டாக்டரிடம் நான் முந்திக்கொண்டு, வீட்டில் ஆறாவது வரி வாசிக்கிறான் என்று சொல்லியிருந்தேன். அவர் நல்ல கண்ணை மூடிவிட்டு வாசிக்கச் சொன்னார். இரண்டாவது வரியில் நின்றுவிட்டான். நான் 'ம், சொல்லு' என்றேன். என் சத்தம் வந்த பக்கம் திரும்பிவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, வீட்டுச் சார்ட்டை மேலிருந்து கடைசிவரை கடகடவென்று ஒப்பித்தான். எதிரே இருந்த வரிகளில் அப்படி ஒன்றும் இல்லை.

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டார். "மனப்பாடம் பண்ணிருக்கான்" என்றார், அவனுக்குக் கேட்காமல்.

பஸ்ஸில் கேட்டேன், ஏன்ல அப்படிச் செஞ்ச?

"நான் சொன்னா நீ சிரிப்பல்லா. அதான்."

13 டிசம்பர், வெள்ளி

சார்ட்டைக் கிழித்துவிட்டேன். இனி வீட்டில் சோதிக்கவே மாட்டேன். ஒட்டுப் போடுகிற நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன், அவ்வளவுதான். பயறு பொறுக்கலாம். பாசிமணி கோக்கலாம். கோத்தாலும் கோக்காவிட்டாலும் சிரிக்கவேண்டும். முடியுமா என்னால்?

25 டிசம்பர், புதன்

பூசைக்கு ஒட்டில்லாமல் கூட்டிப் போனேன். இன்று ஒரு நாள்.

13 பிப்ரவரி 2025, வியாழன்

மூன்றாவது வரி. ஆஸ்பத்திரியில், புது எழுத்தில். இது நிஜம். ஒப்பிக்கவில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு, தப்பாகச் சொல்லித் திருத்தி, சரியாகச் சொன்னான். இன்னும் ஒரு வரி, இன்னும் ஒரு வரி என்று பஸ் ஸ்டாண்ட் வரை எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

10 ஏப்ரல், வியாழன்

அதே வரி.

5 ஜூன், வியாழன்

அதே வரி. டாக்டர் ஒட்டை நிறுத்திவிடலாம் என்றார். இனி ஏறுகிற மாதிரி தெரியவில்லையாம். கண்ணாடி மட்டும் எப்போதும், அதுவும் உடையாத ரகம். "இனி இடது கண்ணுல ஒரு அடி படக்கூடாது, அதுதான் முக்கியம்."

இன்னும் ஆறு மாதம் ஒட்டினால்? கேட்டேன். முழு நாளும் ஒட்டினால்? பள்ளிக்கூடத்துக்கும் போட்டு அனுப்பினால்?

"நீங்க செய்யவேண்டியதெல்லாம் செஞ்சிட்டீங்க" என்றார். ஆறுதலா அது? கதவைச் சாத்துகிற சத்தம்போலத்தான் எனக்குக் கேட்டது.

வளன் மிச்சமிருந்த ஒட்டுகளை வெளியே கொண்டுபோய் தெருநாயின் முதுகில் ஒட்டி விளையாடினான். இவ்வளவு சந்தோஷமாக அவனைப் பார்த்து நாளாயிற்று. நான் குசினிக்குள் போய்விட்டேன்.

15 ஜூன், ஞாயிறு

சுஜிதா மறுபடி கிளப்புக்குக் கூப்பிட்டாள். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை.

22 ஜூன், ஞாயிறு

ஃபிராங்க்ளின் வந்து நாலு நாள் ஆகிறது. வந்ததிலிருந்து வளனுடைய புதுக் கண்ணாடியைத் துடைத்துக் கொடுப்பது அவர்தான். இன்று சாயங்காலம் ஒரு ரப்பர் பந்தோடு கடற்கரைக்குப் போனோம். அலை பின்வாங்கி மணல் இறுகிக் கிடக்கிற இடமாகப் பார்த்து அப்பாவும் மகனும் நின்றுகொண்டார்கள். நான் செருப்புகளுக்குக் காவல்.

கையைத் தாழ்த்தி மெதுவாகத்தான் போட்டார். வளன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு காத்திருந்தான். பந்து நெஞ்சில் பட்டு விழுந்த பிறகு கைகள் மூடின. மறுபடி போட்டார். இந்த முறை பந்து வந்து சேருமுன்பே மூடிவிட்டான். மறுபடி. மறுபடி. இன்னும் கிட்டே போய், இன்னும் மெதுவாக. முகத்துக்கு நேரே ஒரு பந்து வந்தபோது எழுந்துவிட்டேன்.

"பந்தையே பாருல" என்றார்.

"பாத்துட்டுத்தான் இருக்கேன்."

வளன் ஓடிப்போய்ப் பந்தை எடுத்துவந்து, எறியாமல், அவர் கையிலேயே கொடுத்தான்.

"டாடி, ஒன் பிட்ச்சாப் போடு. ஒரு குத்து குத்திட்டு வந்தா எனக்குத் தெரியும், எப்ப வருதுன்னு."

யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. பள்ளிக்கூடத்திலோ தெருவிலோ, நாங்கள் யாரும் பார்க்காத நேரத்தில், எத்தனையோ பந்துகளை விட்டுவிட்டு அவனாகவே கண்டுபிடித்து வைத்திருக்கிறான். பந்து தரையில் தட்டுகிற சத்தத்தை வைத்துக்கொண்டு நேரத்தைக் கணக்குப் பண்ணுகிறான்.

ஃபிராங்க்ளின் பந்தைக் கையில் உருட்டிப் பார்த்தார். என் பக்கம் திரும்பவில்லை. பிறகு குனிந்து, மணலில் ஒரு குத்து குத்திப் போட்டார். வளன் பிடித்தான்.

இருட்டும்வரை எல்லாப் பந்தும் ஒன் பிட்ச்தான்.