சுத்தம் செய்த குரல்

அன்புத் தம்பிக்கு,

அக்காவின் அன்பும் ஆசியும். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். இதைப் பேசும்போது நீ நடுவில் ஒரு வார்த்தை கேட்டாலும் நான் உடைந்துவிடுவேன். எழுதினால் கடைசிவரை போய்விடலாம். நீயும் கடைசிவரை படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

முதலில் வீட்டுச் செய்தி. உன் மாமாவுக்கு முதுகுவலி குறைந்திருக்கிறது. சின்னவள் பரீட்சையில் தேறிவிட்டாள், அந்தத் திமிரில் ஒரு வேலையும் செய்வதில்லை. பின்னறை ஸ்டூடியோ நீ விட்டுப்போனபடியேதான் இருக்கிறது. ஜன்னலுக்கு மெத்தை, சுவரோரம் துணி அலமாரி, மைக்கில் மூச்சுக்காற்று அடிக்காமலிருக்க நீ வளையத்தில் கட்டிய பழைய காலுறை. மேல்வீட்டுக்காரர் தண்ணீர் மோட்டார் போடாத நேரமாகப் பார்த்துத்தான் இப்போதும் பதிவு. சத்தம் வருமென்று ஃபிரிஜ்ஜை நிறுத்துவேன், வேலை முடிந்ததும் மறுபடி போட மறந்துவிடுவேன். "இந்த வீட்ல பால் கெட்டுப்போனாத்தான் சம்பாத்தியம்னு அர்த்தம்" என்று உன் மாமா கிண்டல் செய்வார். இப்போது பத்து நாளாகப் பால் கெடவில்லை. வந்த வேலைகளையெல்லாம் முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டேன்.

நம் பெரியவளைப் பள்ளிக்கு ஏற்றிப்போன வேன் டிரைவரை உனக்கு நினைவிருக்கும். ஹாரன் அடிக்கவே மாட்டார். தெருமுனையில் திரும்பும்போதே, "ஏய் வாலு, ஷூ லேசைக் கட்டுடி" என்று குரல் வந்துவிடும். பாதித் தெரு அதில்தான் எழுந்திருக்கும். அவர் தொண்டையில் கட்டி. குரல்வளையை எடுத்தே ஆக வேண்டும், தள்ளிப்போட நாளில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அங்கிருந்த நர்ஸ் ஒருத்திதான், அதற்குள் குரலைப் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள், போனில் தொட்டால் உங்கள் குரலே பேசும் என்று யோசனை சொல்லியிருக்கிறாள். பெரிய ஸ்டூடியோவுக்குப் போக அவருக்குக் கட்டுப்படியாகாது. மனைவியை அழைத்துக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தார்.

நான்கு மதியம் பதிவு செய்தோம். பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் வாக்கியங்களை எழுதிக்கொண்டு வந்திருந்தார். சாப்பிட்டியா, சாவிய எங்க வெச்ச, கதவப் பூட்டு, இதெல்லாம்தான். ஒரு பக்கம் முழுக்கத் திட்டு. "திட்டாம எனக்குக் குடும்பம் நடத்தத் தெரியாதும்மா, அதையும் நல்லா எடுங்க" என்றார். அவர் மனைவி அடுப்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அழுதால் பதிவில் விழுந்துவிடும் என்று உள்ளே வரவில்லை. கடைசி நாள் மனைவியைக் கூப்பிடுவதை மட்டும் ஏழெட்டு விதமாகச் சொன்னார். பசியில் ஒன்று, கோபத்தில் ஒன்று, காரணமில்லாமல் சும்மா நாலைந்து. சும்மா கூப்பிடுவதுதான் அதிகம் என்று சொல்லிச் சிரித்தார்.

இனி நான் செய்த பாவத்தைக் கேள். அவர் குரலில் ஒரே கரகரப்பு. வாக்கியத்துக்கு வாக்கியம் மூச்சு விசிலடித்தது. கடைசிவரை வைத்துக்கொள்ளப்போகிற குரல், பளிச்சென்று இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன். நீ அனுப்பிய இரைச்சல் நீக்கும் சாஃப்ட்வேருக்கு எது இரைச்சல் என்று ஒரு மாதிரியைக் காட்ட வேண்டும் அல்லவா? ஆளில்லாத அறையின் சத்தத்தை எடுத்துக் காட்டு என்று நீ படித்துப் படித்துச் சொன்னாய். நான் அதை எடுக்க மறந்திருந்தேன். அதனால் என்ன என்று, அவர் பேசத் தொடங்குவதற்கு முன்னால் பேசாமல் உட்கார்ந்திருந்த சில நொடிகளைக் காட்டினேன். பேசாமல் இருந்தாரே தவிர, மூச்சு விட்டுக்கொண்டுதானே இருந்தார்? அந்த மூச்சையும் கரகரப்பையும் குப்பை என்று அது எடுத்துக்கொண்டது. இருநூறு வாக்கியங்களிலிருந்தும் அவரையே பெருக்கி வெளியே தள்ளிவிட்டது. மிச்சமானது, குழாய்க்குள்ளிருந்து யாரோ பேசுவதுபோல் உயிரில்லாத ஒரு குரல்.

ஒரு காது செத்துப்போன அந்த ஹெட்போனில் கேட்டுவிட்டு, ஆகா, என்ன சுத்தம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். அதோடாவது நிறுத்தியிருக்கலாம். டிஸ்க்கில் இடமில்லை, மறுநாள் ஒரு விளம்பர வேலை இருந்தது. மூலப் பதிவுகளை மொத்தமாக அழித்தேன். இன்னொரு டிஸ்க் வாங்கு, மூலத்தை ஒரு மாதமாவது வைத்திரு என்று நீ தலைப்பாடாய் அடித்துக்கொண்டாய். நான் கேட்கவில்லை. கஞ்ச மகாராணி என்று எனக்குப் பட்டம் கட்டிவிட்டுத்தான் ஊருக்குக் கிளம்பினாய். நீ சொன்னது சரிதான், தம்பி.

அறுவைச் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த அன்று, அவர் ஆசையாகப் போனைத் தொட்டு மனைவியைக் கூப்பிட்டிருக்கிறார். அந்தம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டிவியில் யாரோ பேசுகிறார்கள் என்று இருந்துவிட்டாராம். மூன்றாம் தடவைதான், கூப்பிடுவது தன் புருஷன் என்று புரிந்ததாம்.

மறுநாள் அந்தம்மா தனியாக என்னிடம் வந்தார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "வெட்டிப் போட்ட துண்டு ஏதாவது கெடக்குமாம்மா? அவர் இருமினது, தண்ணி கேட்டது, எதுவா இருந்தாலும் போதும்" என்றார். போகும்போது வாசலில் நின்று, "அவர்கிட்ட ஒண்ணும் சொல்லிடாதீங்க, நல்லா வந்திருக்குன்னு சந்தோஷமா இருக்காரு" என்றார். தேடிப் பார்க்கிறேன் அக்கா என்று கூசாமல் சொல்லி அனுப்பினேன்.

தேடாமலும் இல்லை. ரிப்பேர்காரர் டிஸ்க்கை இரண்டு நாள் வைத்திருந்து பார்த்தார். "அழிச்சதோட விட்டிருந்தா தோண்டி எடுத்திருக்கலாம். அது மேலயே வேற பதிவு பண்ணிட்டீங்களே" என்று கையை விரித்துவிட்டார். சோப்புத்தூள் விளம்பரம். அவர் குரல் இருந்த இடத்தில் இப்போது சோப்புத்தூள் இருக்கிறது. அவர்களுடைய பழைய போன் தண்ணீரில் விழுந்தபோது அதில் இருந்தவையும் போய்விட்டனவாம். வேனில் போன பிள்ளைகளின் வீடு வீடாக ஏறி இறங்கினேன். வண்டிக்குள் யாராவது வீடியோ எடுத்தால் நடுரோட்டில் இறக்கிவிடுவேன் என்று மிரட்டி வைத்திருந்தாராம் மனுஷன். ஒருவரிடமும் ஒன்றும் இல்லை.

நேற்று அவரே வந்தார். கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி, கையில் சிலேட்டு. நான் கொடுத்த நாற்காலியில் உட்கார்ந்து, நல்லா வேலை பார்த்தீங்க, நன்றி என்று எழுதிக் காட்டினார். எனக்கு உட்காரவும் முடியவில்லை, உள்ளே ஓடவும் முடியவில்லை. பிறகு அதை அழித்துவிட்டு நிதானமாக எழுதினார். இத்தனை வருஷமா நான் இப்படித்தான் பேசினேனா?

பதிவில் கேட்கும் தன் குரல் யாருக்குமே அந்நியமாகத்தான் இருக்கும் என்று நீதான் எனக்குச் சொன்னாய். அதைக் கேட்டு எத்தனை பேர் இந்த அறையில் சிரித்திருக்கிறார்கள்! அவரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருக்கிறார். எல்லாருக்கும் உள்ளதுதானே, நமக்குத்தான் இவ்வளவு நாள் தெரியவில்லை என்று. அதற்குக் கீழேயே இன்னொரு வரி எழுதினார். பாவம் பிள்ளைங்க, தினம் இதக் கேட்டுப் பயந்திருக்கும்.

எழுதிவிட்டு என் முகத்தையே பார்த்தார். நான் தலையாட்டினேன், தம்பி. ஆமாம், இப்படித்தான் பேசினீர்கள் என்று தலையாட்டினேன். அவர் சத்தமில்லாமல் சிரித்துவிட்டு சிலேட்டைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோனார்.

பெரிய கம்பெனியில் பெரிய மிஷின்களோடு இருக்கிறாய். அதனால் கேட்கிறேன். ஒரு குரலிலிருந்து எடுத்ததைத் திரும்ப அதிலேயே வைக்க ஏதாவது வழி உண்டா? சுத்தம் செய்த பதிவு முழுவதையும் உனக்கு அனுப்பியிருக்கிறேன், கேட்டுப் பார். இல்லை என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. ஆனால் தெரிந்தவன் நீ சொல்ல வேண்டும். இல்லையென்றால் இல்லை என்று ஒரே ஒரு வரி எழுது. நான் அவர் வீட்டுக்குப் போய், அது உங்கள் குரல் இல்லை, உங்கள் குரலுக்குப் பிள்ளைகள் பயப்படவில்லை, ஓடி வந்தார்கள், பாழாக்கியது நான்தான் என்று சொல்லிவிடுகிறேன். அந்தம்மா என்னை மன்னிக்காமல் போனாலும் சரி. உன் பதில் வரும்வரை மட்டும் என்னைக் கோழையாக இருக்க விடு.

நீ நன்றாக இருக்க வேண்டும். அங்கே குளிர் கடுமை என்று உன் மாமா சொன்னார். கழுத்தைத் திறந்துபோட்டுக்கொண்டு திரியாதே. லேசாகக் கரகரத்தாலும் சும்மா விடாதே, அன்றைக்கே டாக்டரிடம் காட்டு. உன் தொண்டை பத்திரம், ராசா.

பதிலுக்குக் காத்திருக்கும்,
உன் அக்கா