சத்தம் போடாமல் படிக்கச் சொன்னார்கள்

கதவைத் திறந்ததும் அந்துருண்டை வாசனை முகத்தில் அடித்தது. அதற்கடியில் நனைந்து காய்ந்த பழைய பேப்பர் நெடி. பார்வையில்லாதவர்களுக்கென்று நீ மனு எழுதி எழுதி வாங்கிய பேசும் புத்தக அறை இதுதான். வீட்டுக்கு வந்து கை கழுவியும் அந்த நெடி போகவில்லை. யாரிடம் சொல்வது? உன்னிடம்தான்.

நம் இருவருக்கும் ஒரே ஆபீஸ், அடுத்தடுத்த சீட். சனிக்கிழமைகளில் குரோம்பேட்டையில் ரயிலேறி நூலகத்துக்கு வருவோம். வாசிப்புக் கூடத்தின் கடைசி மேஜையில் உட்கார்ந்து என் காதோரம் மெதுவாகப் படிப்பாய். இரண்டாவது வாரமே நூலகர் வந்துவிட்டார்.

"மேடம், இது லைப்ரரி. சைலன்ஸா இருக்கணும்."

"எல்லாரும் கண்ணால படிக்கிறாங்க சார், இவ காதால படிக்கிறா. இவளுக்கு எடம் எதுன்னு சொல்லுங்க, போறோம்."

அவர் காட்டிய இடம் வண்டி நிறுத்துகிற ஷெட். நான் உன் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தேன். "விடுடி, வா போலாம்." நான் எப்போதும் அப்படித்தான்.

இரண்டு வருஷம் அந்த ஷெட்டில் படித்தோம். பக்கத்துத் தண்டவாளத்தில் மின்சார ரயில் வந்தால் வாக்கியத்தின் நடுவில் நிறுத்தி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வாய். ரயில் போனதும் கையை விட்டுவிட்டுத் தொடர்வாய். என் பெயரில் உறுப்பினர் அட்டை கேட்டோம். "அவங்களுக்கு எதுக்கும்மா கார்டு? உங்க கார்டுலயே எடுத்துக்குங்க" என்றார்கள். மறுநாளே தனி அறை கேட்டு முதல் மனுவை எழுதினாய். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டும் போனில் அதையேதான் கேட்டாய்: "ரூம் என்னாச்சுடி?"

ரூம் வந்தது, நீ போன மூன்றாம் மாதம். ரிப்பன் வெட்டினார்கள். என்னை மேடையில் உட்காரவைத்துச் சால்வை போர்த்தி, போட்டோ எடுத்தார்கள். அடுத்த சனிக்கிழமை போனால் பூட்டு. சாவி வைத்திருப்பவர் லீவாம். அதற்கடுத்த முறையும் லீவு. பிறகு ஒருநாள், "யாருமே வர்றதில்லம்மா, அதான் பூட்டி வச்சிருக்கோம்" என்றார் ஊழியர். வந்து நிற்கிற நான் யார்? கேட்கவில்லை, திரும்பிவிட்டேன். ஆட்டோவில் வரும்போதெல்லாம் உன்மேல்தான் எரிச்சலாக வந்தது, ஏன் போனாய் என்று.

இன்று கடைசி மேஜையில் உட்கார்ந்து, போனில் ஒலிப்புத்தகத்தைச் சத்தமாகவே போட்டேன். அதே அதட்டல், ஆள் மட்டும் வேறு. "நிறுத்துங்கம்மா!"

"ரூமைத் திறங்க சார், நிறுத்துறேன்." பத்து நிமிஷத்தில் சாவி கிடைத்துவிட்டது.

உள்ளே தடவித் தடவிப் போனேன். உடைந்த நாற்காலிகள், இடுப்பு உயரத்துக்குப் பேப்பர் கட்டுகள். கம்ப்யூட்டருக்கு இன்னும் பிளாஸ்டிக் உறை.

"புதுசும்மா. கெட்டுடக் கூடாதுன்னு மூடி வச்சிருக்கோம்."

போடச் சொன்னேன். போட்டார். சத்தமே வரவில்லை. ஸ்பீக்கரை ஏதோ மீட்டிங்குக்கு எடுத்துப்போனார்களாம், திரும்பவில்லையாம். பேசும் புத்தக அறை, ஆனால் பேச ஒரு வாய் இல்லை. நீ இருந்திருந்தால் கட்டடமே அதிர்ந்திருக்கும்.

நான் சொல்லச் சொல்ல அவரையே புகார் எழுத வைத்தேன். முனகிக்கொண்டே எழுதினார். படித்துக் காட்டச் சொன்னேன். ஸ்பீக்கர் விஷயத்தை விட்டிருந்தார். அதையும் சேர்க்க வைத்தேன். கடைசியில் மைப்பெட்டியை என் பக்கம் தள்ளினார். "கட்டைவிரல் வைங்கம்மா."

"பேனா குடுங்க சார். பேங்க்ல, ஆபீஸ்ல எல்லா எடத்துலயும் கையெழுத்துதான் போடறேன்."

போட்டேன். கோணலாகத்தான் விழுந்திருக்கும். ஸ்பீக்கர் வருமா என்று தெரியாது. கோபம் மட்டும் ஆறவில்லை. இத்தனை நாள் எனக்கும் சேர்த்து நீயே கோபப்பட்டுக்கொண்டிருந்தாய். அந்தக் கோபம் இப்போது என்னிடம் இருக்கிறது. சனிக்கிழமை மறுபடி போகிறேன்.