மேலே பனி, கீழே சுரங்கம்

ஏப்ரல் 22

மலைப்பாதையில் பனி வெட்டும் வேலை இன்று தொடங்கியது. எங்கள் ஊர் அவுர்லாண்ட் பக்கமிருந்து ஒரு பனிவெட்டி வண்டியில் நான், மலைக்கு அந்தப் பக்கத்து ஊர் லேர்டாலிலிருந்து இன்னொன்றில் தோர்கில்ஸ். உச்சியில் இரண்டு வண்டியும் முட்டும்வரை அவர் முகத்தைப் பார்க்க முடியாது. கோடையில் எதிரே வந்தால் கை காட்டுவார். வருடாவருடம் இப்படித்தான்.

ஏப்ரல் 25

பனிப்புயல். வெட்டியதெல்லாம் மூடிவிட்டது. வாயில் வந்தபடி திட்டினேன்.

மே 4

மேற்பார்வையாளர் ஆஸ்லாக் போன் செய்தார். "சேதி தெரியுமா ஓட்னி? தோர்கில்ஸ் பண்ணையை விக்கறாராம். பெர்கன் நகரத்துல மக வீட்டோட இருக்கப் போறாராம்."

"அப்படியா" என்றேன். வண்டியை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். எனக்கென்ன வந்தது? அவர் பண்ணை, அவர் மகள். ஆனா வண்டியை மறுபடி கிளப்பத் தோணலையே.

மே 5

மலைக்கு அடியில் சுரங்கப்பாதை இருக்கிறது. வருடம் முழுக்கத் திறந்திருக்கும், அவர் ஊருக்குக் காரில் இருபது நிமிடம்தான். மனைவி இறந்தபிறகு தோர்கில்ஸ் தனியாகத்தான் இருக்கிறார். ஒருமுறைகூட நான் போனதில்லை. காரணமில்லாமல் ஒருவர் வீட்டுக் கதவை எப்படித் தட்டுவது? இங்கே யாரும் அப்படிச் செய்வதில்லை. துக்கத்தில் இருப்பவரை நிம்மதியாக விடவேண்டும் என்று நினைத்தேன்.

நிம்மதி! இத்தனை வருஷம் நிம்மதியா விட்டா மனுஷன் ஊரை விட்டுப் போகாம என்ன பண்ணுவாரு?

மே 17

தேசிய நாள் ஊர்வலம். பெண்கள் அன்றைக்கு உடுத்தும் பட்டு எம்பிராய்டரி உடை, வெள்ளிப் பொத்தான், எல்லாம் போட்டுக்கொண்டு போனேன். "என்ன ஓட்னி, சாவு வீட்டுக்கு வந்தாப்ல மூஞ்சி?" என்றார் ஆஸ்லாக். கையிலிருந்த ஐஸ்கிரீமை அவர் தலையில் கவிழ்த்திருக்கலாம்.

மே 23

முட்டினோம். பனிச்சுவர் சரிந்ததும் அந்தப் பக்கம் அவருடைய சிவப்புத் தொப்பி தெரிந்தது. வழக்கம்போல நான் வாஃபிள் அப்பம் சுட்டுக் கொண்டுபோயிருந்தேன், அவர் பழுப்புப் பாலாடைக்கட்டி கொண்டுவந்திருந்தார். வண்டிப் படியில் உட்கார்ந்து தின்றோம்.

"இந்த வருஷம் பனி ஜாஸ்தி."

"ஆமா." என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. "பண்ணையை விக்கறீங்களாமே?"

"சுவத்தையே எத்தனை நாள் பாக்கறது? யாரும் வர்றதில்ல."

"நான் வந்திருப்பேன். தொந்தரவா இருக்குமோன்னுதான்..."

மென்றுகொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். "நான் வந்தேன், ஓட்னி. ரெண்டு தடவை. உங்க ஊர் பெட்ரோல் பங்க் வரைக்கும் வந்து, ஒரு காபி குடிச்சிட்டுத் திரும்பிட்டேன். போய் என்னன்னு சொல்றது?"

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அதற்குள் ஆஸ்லாக்கின் ஜீப் வந்துவிட்டது. பாவி மனுஷன்!

மே 25

சுரங்கத்தின் வழியே போனேன். ஒரு காரணமும் கொண்டுபோகவில்லை. கதவைத் தட்டினேன்.

நவம்பர் 19

குளிர்காலத்துக்காக மலைப்பாதையை இன்று மூடியாயிற்று. எங்கள் பக்கத்துத் தடுப்புக் கம்பியை நான் இறக்கினேன், தோர்கில்ஸ் பூட்டினார். உடனே ஆஸ்லாக்கின் போன்: "ரெண்டு பேரும் ஒரே பக்கம் நின்னா லேர்டால் பக்கத்தை எவன் பூட்டறது?"

"கத்தாதீங்க, போறோம்" என்றேன்.

"பண்ணையை விக்காம வெச்சது நல்லதாப் போச்சு. பூட்டிட்டு அங்கேயே படுத்துக்கலாம். நாளைக்கு உன் வீட்டுக்கு வந்துடலாம்" என்றார் தோர்கில்ஸ்.

மாற்றுத் துணி எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை. அங்கேயும் இருக்கிறது.