வானமே இல்லாத பலூன் வீடியோ

என் செல்ல அத்தாவுக்கு,

உங்கள் போன் என்னிடம்தான் இருக்கிறது. பாஸ்வேர்டு தங்கச்சி சமீனாவின் பிறந்தநாளாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன், அதேதான். உங்களுக்கு வேறு என்ன வைக்கத் தெரியும்?

இந்த வருடமும் மாமல்லபுரம் போகிற வழியில் பலூன் விழா நடந்தது. எங்கள் பலூன் குரூப் முழுக்க ரீல்ஸ். "நஸ்ரி, நீ இல்லாம பலூன் விழாவாடி? எங்க கீற?" என்று மெசேஜ் மேல் மெசேஜ். எல்லாவற்றுக்கும் ஒரு ஹார்ட் போட்டுவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன். துணியைப் பார்த்தே எந்த நாட்டுப் பலூன் என்று கத்துகிற நான், அத்தா! எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை.

நீங்கள் போனதிலிருந்து இப்படித்தான். அழுகையும் வரவில்லை. சிறுசேரிக்கு நீங்கள் ஓட்டிய வேனில் வேலைக்குப் போய்வந்த அக்காக்கள் வீட்டுக்கு வந்து தேம்பித் தேம்பி அழுதார்கள். நான் டீ கொடுத்து அவர்களைச் சமாதானப்படுத்தினேன். உங்கள் அம்மா, தாதிமா இறந்தபோது நீங்களும் இப்படித்தான் இருந்தீர்களா? கேட்காமலே விட்டுவிட்டேன்.

அம்மா, உங்களுக்காகத் துக்கம் காக்கும் இத்தா நாட்கள் முடியும்வரை, வாசல் தாண்டமாட்டாள். சும்மாவே உட்கார்ந்திருப்பவள் போன வாரம் திடீரென்று கேட்டாள்: "போட்டோ நெறைய கீது. அவரு கொரலு எங்கனா கீதாடி?"

தேடினேன். நீங்கள் ஒரு வாய்ஸ் மெசேஜ்கூட அனுப்பியதில்லை. எல்லாவற்றுக்கும் போன் செய்வீர்கள், இல்லையென்றால் ஒரு கட்டைவிரல் எமோஜி. மிஞ்சியது நாம் நாலு பேரும் பலூனில் ஏறியபோது நீங்கள் எடுத்த அந்த வீடியோ மட்டும்தான்.

அன்றைக்கு அதைப் பார்த்துவிட்டு உங்களோடு சண்டை போட்டேனே. "கடலும் இல்ல, பலூனும் இல்ல, எங்க மூணு பேரு மூஞ்சிதான் கீது! பலூன்ல ஏறி வானமே இல்லாம வீடியோ எடுத்த ஒரே ஆளு நீங்கதான் அத்தா!" நீங்கள் சிரித்தீர்கள். "வானம் எங்கியும் போவாது, வுடு."

அதில் உங்கள் முகம் ஓரிடத்திலும் இல்லை. குரலும் பலூனுக்கு நெருப்பு ஊதும் பர்னர் இரைச்சலில் பாதி முழுகிக் கிடந்தது. சத்தம் நீக்குகிற ஆப் ஒன்றை இறக்கி, யூடியூப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டு, உங்கள் குரலைத் தனியாகப் பிரித்தெடுத்தேன். டிவியில் போட்டேன்.

மாமி உள்ளே வந்தார். "மவுத்தான துக்க வூட்ல டிவி போட்டுகினு குந்தினு கீறீங்களே, நாலு பேரு இன்னா சொல்லுவாங்க?"

"உங்க தம்பி பேசறதத்தான் கேக்கறோம் அண்ணி. நீங்களும் குந்துங்க" என்றாள் அம்மா.

டிவியில் நீங்கள் பேசினீர்கள். "நஸ்ரி, கீழ பாக்காத. சமீ, இங்க பாரு, என்னப் பாரு." கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது. நான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன்.

"இது அவரு இல்லடி."

"அம்மா, அத்தாதாம்மா!"

"மூச்சே வுடாம பேசறாரு பாரு. அவரு எங்கடி இப்டி பேசுவாரு?"

அந்த ஆப் உங்கள் மூச்சையும் இரைச்சல் என்று நினைத்து எடுத்துவிட்டது, அத்தா.

பழையதைப் போட்டேன். பர்னர் சீறியது. அது நின்றதும் உங்கள் மூச்சு, வேகமாக, மேலும் கீழுமாக. பிறகுதான் "என்னப் பாரு". அம்மா டிவிக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள். இவ்வளவு நாளில் முதல் தடவையாகச் சிரித்தாள்.

"பயந்துகினு கீறாரு மனுசன். இங்க பாரு, என் முந்தானைய." அவள் முந்தானை விறைப்பாக இழுபட்டுத் திரையின் கீழ் மூலைக்குள் போய் மறைந்திருந்தது. "ஒரு கையில போனு, இன்னொரு கையில இது. எறங்கற வரிக்கும் வுடலியே!"

"சின்னதுல ஏணி மேலகூட ஏறமாட்டான்" என்று சொன்ன மாமி, தரையில் உட்கார்ந்து ஓவென்று அழ ஆரம்பித்தார். சமீனா ஓடிப்போய் அவர் மடியில் ஏறிக்கொண்டாள்.

எனக்குத் தெரியவே தெரியாது அத்தா. பலூன், பலூன் என்று உங்களை நச்சரித்தது நான்தான். "அம்மாவோட போய்ட்டு வா" என்று சொல்லிவிட்டு நீங்கள் கீழேயே நின்றிருக்கலாமே. ஏன் ஏறினீர்கள்? எங்களைத் தவிர வேறு எதையும் பார்க்காமலே அவ்வளவு உயரம் போய்வந்தீர்களா?

எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. வரும்போது வரட்டும்.

சுத்தம் செய்த வீடியோவை அழித்துவிட்டேன். இரைச்சலோடு இருப்பதைத்தான் சமீனாவுக்குக் கொடுப்பேன். அவள் வளர்ந்து, "இன்னாக்கா இது, ஒண்ணுமே புரியல" என்று கேட்பாள். பக்கத்தில் உட்கார வைத்து, எது நெருப்பின் சத்தம், எது அத்தாவின் மூச்சு என்று அவள் காதுக்குப் பழகும்வரை சொல்லிக்கொடுப்பேன். இது சத்தியம்.

உங்கள் மூத்த மகள்,
நஸ்ரின்
திருப்போரூர்